காங்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பியவர்

2009ஆம் ஆண்டு. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தொழிற்கூடக் கட்டடம். முதல் மாடித் தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றும் நாள். முந்தைய இரவு விடாத மழை. காலை எட்டு மணிக்கெல்லாம் பம்ப் வண்டி கையை நீட்டி நின்றுவிட்டது. வாசலில் இரண்டு காங்கிரீட் லாரிகள் உருண்டுகொண்டிருந்தன, மூன்றாவது வழியில் இருந்தது. நான் சிங்கப்பூருக்கு வந்து மூன்றாவது வருஷம். தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளைக் கவனித்துக்கொண்டு நிற்பதுதான் அன்று எனக்குக் கொடுத்த வேலை.

கடைசி வரிசையில் ஒரு ஜாக்கியின் அடித்தட்டுக்குக் கீழே போட்டிருந்த பலகை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இரவுத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விட்டேன். பாதி விரல் போனது. அடுத்த ஜாக்கியிலும் அதே கதை.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு அப்பா வாங்கிய கடன் முடியவில்லை. வொர்க் பெர்மிட் கம்பெனியோடு கட்டப்பட்டது. வாயைத் திறந்து, அது ஒன்றுமில்லாத விஷயமாகப் போய்விட்டால்? மூன்று லாரி காங்கிரீட்டை நிறுத்திய ஆள் என்று பெயர் வந்துவிட்டால்? என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஆனால் எங்கள் போர்மேன் அந்தப் பக்கமாக வந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "என்ன தம்பி, எதையோ முழுங்குற மாதிரி நிக்கிற?"

காட்டினேன். அவர் சேற்றிலேயே குப்புறப் படுத்து, தன் விரலையும் விட்டுப் பார்த்தார். எழுந்து, வாக்கி டாக்கியில் பம்ப்பை நிறுத்தச் சொன்னார்.

ப்ராஜெக்ட் மேனேஜர் ஓடி வந்தார். கோபம்தான். நியாயமும் இருந்தது. கலந்த காங்கிரீட்டை இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தாண்டினால் அந்தச் சரக்கைக் கொட்ட வேண்டியதுதான், காசு போனது போனதுதான். பெரியண்ணன் குரலை உயர்த்தவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மண் போய்விட்டது பாஸ். நீங்களே பாருங்கள். என் ஆளை இதுக்குக் கீழே நிறுத்த மாட்டேன்" என்றார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அந்த மேனேஜர், தேய்த்த சட்டையோடு, அதே சேற்றில் படுத்துப் பார்த்தார். எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் போனை எடுத்தார். லாரிகள் திரும்பிப் போயின. அன்று முழுக்க மண்ணைத் திணித்து, பலகை மாற்றி, வரிசை வரிசையாக முட்டுகளைச் சரிபார்த்தோம். மறுநாள் மதியம் காங்கிரீட் ஊற்றினோம்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், ஐம்பது பேர் முன்னால், பெரியண்ணன் என் தோளில் கை வைத்து, "நேத்து நிறுத்தினது நான் இல்லை, இந்தத் தம்பி" என்றார். மேனேஜர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் அந்த சைட்டில் எவனும் எதையும் முழுங்கிக்கொண்டு நிற்கவில்லை.

கட்டுமானத் துறையில் நல்ல தலைவர்களை எப்படி உருவாக்குவது என்று கூட்டங்களில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறு ஞாபகத்துக்கு வரும். அங்கே மூன்று பேர் இருந்தோம். பார்த்தவன் ஒருவன், நிறுத்தியவர் ஒருவர், நிறுத்தியவருக்குத் துணை நின்றவர் ஒருவர். மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும் காங்கிரீட் இறங்கியிருக்கும். போர்மேன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேலே இருப்பவர் சட்டையை அழுக்காக்கிக்கொள்ளத் தயாராக இல்லையென்றால் அவரால் இரண்டாவது தடவை நிறுத்த முடியாது.

பெரியண்ணனின் காலை மீட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான சைட்டுகளில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்றால், யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் இருக்கும் காகிதத்தை வேகமாக வாசிப்பார், பெல்ட் போடு, ஹெல்மெட் போடு என்பார், கடைசியில் காகிதம் சுற்றி வரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். பெரியண்ணன் காகிதத்தையும் வாசிப்பார். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"நேத்து எந்த இடத்துல பயமா இருந்துச்சு?"

முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்வதற்கு ஆம்பிளைகளுக்கு வெட்கம். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவரே சொன்னார்: "எனக்கு லிஃப்ட் குழிக்குப் பக்கத்துல கம்பி தூக்கும்போது பயமா இருந்துச்சு. தடுப்பு லூஸா இருக்கு." முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன் எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னது எங்களுக்கு என்னவோ போல் இருந்தது. அடுத்த நாள் பங்களாதேஷ் தம்பி ஒருவர் கையைத் தூக்கினார். பெரியண்ணனுக்கு உடைந்த பெங்காலி தெரியும், சந்தையில் பேரம் பேசும் அளவுக்குச் சீனமும் தெரியும். எந்த மொழியில் வந்தாலும் வாங்கிக்கொள்வார். மதியத்துக்குள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சொன்ன ஆளிடமே வந்து என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாத மேற்பார்வையாளரைவிடக் கேட்காதவரே மேல்.

சரி, இவரிடம் கற்றுக்கொண்ட நான் என்ன செய்தேன்?

2013இல் என்னை சூப்பர்வைசராக்கினார்கள், வேறு ஒரு கம்பெனியில். கட்டுமான மேற்பார்வையாளருக்கான பாதுகாப்பு கோர்ஸ் முடித்திருந்தேன். ரிஸ்க் அசெஸ்மெண்ட் எழுதத் தெரியும், சட்டத்தின் விதிகள் தெரியும். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் பெர்மிட் வேண்டும், அதை எப்படி நிரப்புவது, யார் கையெழுத்துப் போட வேண்டும் எல்லாம் மனப்பாடம். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெரியண்ணனிடம் பார்த்தது எல்லாம் வேலை நெருக்கடியில் மறந்து போயிற்று. கத்தினேன். காலையில் கத்தினேன், மதியம் கத்தினேன், லாரி ஏறும்போதும் கத்தினேன்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன். வந்து ஐந்து மாதம். பலகை பிரிக்கும்போது ஆணி பூட்ஸைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவன் சொல்லவில்லை. டேப்பைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தான். நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்து, கால் வீங்கி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஏன்டா சொல்லலை?" என்றேன். "திட்டுவீங்கண்ணே" என்றான். அப்புறம் மெதுவாக, "போர்டுல நம்பர் போயிடும்ல" என்றும் சொன்னான்.

அந்த சைட்டின் வாசலில் ஒரு போர்டு இருந்தது. விபத்தில்லா நாட்கள் இத்தனை என்று. நூறைத் தாண்டினால் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கூப்பன், சூப்பர்வைசர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம். அந்தப் போர்டை நான் பெருமையாகப் பார்த்திருக்கிறேன். காயம்பட்டவன் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, அவன் கால் பிழைத்தது. இப்போது ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், பொங்கலுக்குப் பேசுவான். ஆனால் "திட்டுவீங்கண்ணே" என்ற அந்த ஒரு சொல் என்னோடு இருக்கிறது.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வேலையாட்களை மேய்ப்பவன் என்றாலே நம் தமிழ் ஆட்களின் மனசில் ஒரு பழைய உருவம் இருக்கிறது. கங்காணி. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தன் ஊரிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தவர். ஆட்கள் அவருக்குக் கடன்பட்டிருப்பார்கள். ஆள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி ஆள் சேர்ப்பு முடிந்தது. முறை போய்விட்டது, குரல் போகவில்லை. ஊர்க்காரன் என்ற உரிமை, கடன் என்ற பயம், அதட்டல் என்ற கருவி. 2013இல் நான் திறந்த வாயிலிருந்து வந்தது அந்தக் குரல்தான். யாரும் வேறொன்று சொல்லித் தராதபோது நாம் கேட்டு வளர்ந்ததைத்தான் பேசுவோம்.

இங்கே துறை எதற்குக் காசு கொடுக்கிறது என்று பாருங்கள். ஊரில் சென்னைப் பக்கம் டெஸ்ட் சென்டரில் ஸ்கில் அடித்துவிட்டுத்தான், அதாவது தொழில்திறன் தேர்வில் தேறிவிட்டுத்தான் வருகிறோம். வந்த பிறகு அனுபவம், தொழில் தேர்வு, சம்பளம் இவற்றை வைத்து உயர்திறன் ஊழியராகலாம். 2024 ஜனவரியிலிருந்து எங்களைப் போன்றவர்களில் உயர்திறன் ஊழியருக்குக் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி என்ற வரி மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. ஆளுக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம் என்பதால் கம்பெனிகள் ஆட்களைத் தேர்வுக்கு அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் கைத்திறனுக்கு ஒரு விலை இருக்கிறது. இருபது பேரைப் பேச வைக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. அதனால் என்ன நடக்கிறது என்றால், நன்றாகப் பலகை அடிக்கிறவனை, வேகமாகக் கம்பி கட்டுகிறவனைப் போர்மேனாக்குகிறோம். வெள்ளிக்கிழமை வரை அவன் கூட்டாளி. திங்கட்கிழமை வேறு நிற ஹெல்மெட். நடுவில் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளில் அவன் என்ன கற்றுக்கொண்டிருக்க முடியும்?

பொறியியல் பட்டதாரிகளுக்கும் மேனேஜர்களுக்கும் தலைமைத்துவப் பயிற்சி உண்டு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் அகாடமியிலும் நடக்கிறது. நான் டிப்ளமா முடித்து, வொர்க் பெர்மிட்டுக்கு மேற்பட்ட எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு மாறிய பிறகு இரண்டு மூன்று பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன், பயனும் இருந்தது. ஆனால் சைட்டில் ஒரு நாளைக்கு நூறு முடிவு எடுப்பவர் போர்மேன். அவர் சப் கான் (துணைக் குத்தகைக் கம்பெனி) ஆளாக இருப்பார், மெயின் கான் (முதன்மைக் குத்தகைக் கம்பெனி) நடத்தும் பயிலரங்குக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் ஒரு நாள் சம்பளத்தை யார் தருவது என்ற கேள்வி வரும்.

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வட்டப் பாதை ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே எஃகுத் தாங்கிகள் வளையத் தொடங்கியிருந்தன, சத்தம் கேட்டவர்கள் இருந்தார்கள். வடிவமைப்பில் தவறு இருந்தது, முன்னெச்சரிக்கைகள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. இறந்தவர்களில் ஒருவர் போர்மேன். தன் ஆட்களை வெளியே ஓடச் சொல்லி அனுப்பியவர் என்று அவரை நினைவுகூர்கிறார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அந்த இடத்துக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போனேன். தலைமை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் காலையில் பள்ளத்தில் இருந்தவர்கள் கேட்ட சத்தம், வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் காதில் சரியான எடையோடு விழுந்திருந்தால், மதியம் மூன்றரை மணிக்கு அவர் தன் ஆட்களை ஓடச் சொல்ல வேண்டியே வந்திருக்காது. கீழே தெரிந்த விஷயம் மேலே போகாமல் நிற்கிற அந்த இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

அந்த வருஷம் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பழைய தொழிற்சாலைச் சட்டத்தை விட்டு, 2006 மார்ச் 1இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அப்புறம் 2022இல் வேலையிடங்களில் 46 பேர் இறந்தபோது, செப்டம்பரிலிருந்து 2023 மே வரை உயர் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்தார்கள். பெரிய விபத்து நடந்தால் தலைமை நிர்வாகியே மனிதவள அமைச்சுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நிர்வாகிகளும் இயக்குநர் சபையும் என்ன செய்ய வேண்டும் என்று நடைமுறை விதித் தொகுப்பும் வந்தது. 2023இல் மரணங்கள் 36 ஆகக் குறைந்தன. முதலாளியைப் பொறுப்பாக்கியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை சைட் பக்கமே வராத தவ்க்கே, அதாவது முதலாளி, ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படிக்கட்டு ஏறி வந்ததை நானே பார்த்தேன். நடுவில் இருக்கும் சூப்பர்வைசரின் நிலைதான் மாறவில்லை. மேலிருந்து பாதுகாப்பு முக்கியம் என்று ஒரு கடிதம், அதே கையால் இந்த வாரம் இரண்டு மாடி முடிய வேண்டும் என்று இன்னொரு கடிதம். இரண்டையும் வாங்கிக்கொண்டு அவர் நிற்கிறார்.

சின்ன விஷயம் ஒன்று சொல்கிறேன். 2023 அக்டோபரில் வெயிலுக்கான விதிகள் கடுமையாயின. வெயிலும் ஈரப்பதமும் சேர்த்து அளக்கும் அந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிஷம் ஓய்வு. 33 ஆனால் 15 நிமிஷம். என் சைட்டில் முதல் வாரம் விசில் அடித்தோம், யாரும் உட்காரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கம்பியைத் தூக்கினார்கள். ஏன் என்று பார்த்தால், போர்மேன் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கும்போது உட்கார யாருக்கு மனசு வரும்? அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க முதல்ல போய் நிழல்ல உட்காருங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். உட்கார்ந்தார். இரண்டு நிமிஷத்தில் பதினெட்டுப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது நான் யாரையும் ஒரே நாளில் போர்மேனாக்குவதில்லை. முதலில் ஒரு மாதம், பழைய போர்மேன் ஒருவரோடு நிழல் மாதிரி சுற்ற வேண்டும். டூல்பாக்ஸ் மீட்டிங்கை வாரத்தில் ஒரு நாள் அவன் நடத்த வேண்டும், தமிழிலோ எதிலோ, பேப்பர் இல்லாமல். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் அவனுக்கும் ஒரு நாற்காலி. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பக்கத்தில் நான் உட்கார்ந்து சொல்கிறேன். வேலை அட்டவணை போடும்போதே நிறுத்தங்களுக்கென்று சில மணி நேரம் ஒதுக்கி வைக்கச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போடுகிறேன், பாதி தடவை ஜெயிக்கிறேன். அதைவிட முக்கியமாக, ஒருவன் வேலையை நிறுத்தி, பார்த்தால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்போது என்ன செய்கிறோம் என்பதைக் கவனிக்கிறேன். அப்போது ஒரு முகச்சுளிப்பு வந்தால் போதும், அவன் அடுத்த தடவை முழுங்கிவிடுவான். நானே போய் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்கிறேன். வாசல் போர்டை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது இந்த வாரம் யார் யார் என்னென்ன கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்று பெயரோடு எழுதுகிறோம். நான்கு மொழியில்.

இதனால் வேலை தாமதமாகிறதா என்று கேட்பார்கள். சில நாட்களில் ஆகும். ஆகாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஜாக்கியைச் சரிசெய்ய அரை நாள் போகும்தான். தளம் சரிந்தால் மாதக்கணக்கில் சைட் மூடிக்கிடக்கும், அதற்குள் யாருடைய வீட்டுக்கோ போன் போயிருக்கும்.

போன மாதம் தெங்கா சைட்டில் ஒரு தஞ்சாவூர்த் தம்பி முதல் தடவையாகத் தனியாக மீட்டிங் நடத்தினான். காலை ஏழே முக்கால். புது ஹெல்மெட், கையில் கோப்பி பாக்கெட், குரல் கொஞ்சம் நடுங்கியது. வேலைகளைப் பிரித்துச் சொன்னான். அப்புறம் கேட்டான்: "நேத்து எந்த இடத்துல பயமா இருந்துச்சு?"

ஒருவரும் பேசவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிரேன் பக்கம் ஏதோ பீப் சத்தம் கேட்டு நின்றது. பின்வரிசையில் ஒரு வயதான ஆள், பேச்சே இல்லாதவர், கையைப் பாதி தூக்கினார். "மூணாவது மாடிப் படிக்கட்டுல லைட் எரியலைப்பா. நாலு நாளாச்சு."

தம்பி கோப்பி பாக்கெட்டைக் கம்பிக் கட்டின் மேல் வைத்தான். "வாங்க, காட்டுங்க" என்று அவருக்கு முன்னால் படியேறிப் போனான்.